சாவி போட்டா 'டக்'... அப்புறம் சத்தமே இல்ல! மக்கர் பண்ணும் 'செல்ப்': பேட்டரிக்கு காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்க

சென்னை: காலையில் முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆகிறது கார். கிளாம்பாக்கத்தில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் கம்மென்று கிடக்கிறது. இரண்டாவது தடவை திருகினாலும் அதே கதை. பானெட்டைத் திறந்து மூடிவிட்டு ஏழாவது தடவை திருகினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. மெக்கானிக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனால் அங்கே பத்து தடவை அடித்தாலும் பத்து தடவையும் எடுக்கிறது. "வண்டி நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு மீனம்பாக்கம் ஏர்போர்ட் சவாரி ஏறி உட்கார்ந்த பிறகு மறுபடி கம்!

வாடகை கார் ஓட்டும் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். ஒரேயடியாகப் படுத்துவிட்ட வண்டி கூட பரவாயில்லை, தள்ளிக்கொண்டு போய் ரிப்பேர் பார்த்துவிடலாம். நாலு தடவை எடுத்து ஐந்தாவது தடவை கழுத்தறுக்கிற வண்டிதான் பிழைப்பைக் கெடுக்கும். சவாரி போகும். கஸ்டமர் திட்டிவிட்டு வேறு வண்டி புக் பண்ணுவார். வங்கித் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

இதில் பெரிய நஷ்டம் ரிப்பேரில் இல்லை. குருட்டாம்போக்கில் பார்ட்ஸ் மாற்றுவதில்தான் இருக்கிறது. முதலில் "பேட்டரி போச்சுண்ணே" என்பார்கள். மாற்றுவோம். ஒரு வாரம் ஓடும். மறுபடி மக்கர். "அப்போ செல்ப் மோட்டார்தான்" என்பார்கள். அதையும் மாற்றுவோம். பத்து நாள் கழித்து மறுபடி அதே 'டக்'. ஆயிரக்கணக்கில் செலவழித்து முடித்த பிறகு பார்த்தால், இன்ஜினுக்கு அடியில் ஓடும் ஒரு எர்த் பட்டையின் போல்ட் லூஸ். ஒரு ஸ்பேனரைப் போட்டு இறுக்கினால் தீர்ந்துபோகிற வேலை அது.

ஒரு சாவி திருகலுக்குள் என்ன நடக்கிறது?

இது தெரியாமல் பழுதைப் பிடிக்க முடியாது. பயப்பட வேண்டாம், பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

'செல்ப்' என்று நாம் சொல்வது ஸ்டார்ட்டர் மோட்டாரை. ஒரு காலத்தில் காரின் முன்பக்கம் ஹேண்டிலைச் சொருகி கையால் சுற்றித்தான் இன்ஜினைக் கிளப்புவார்கள். அது எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற இன்ஜினியர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. தானாகவே கிளப்பிக்கொள்கிற வண்டி என்பதால் 'செல்ப் ஸ்டார்ட்டர்'. நம்ம ஊரில் அது சுருங்கி 'செல்ப்' ஆகிவிட்டது.

இதில் இரண்டு பாதை உண்டு. ஒன்று சின்னப் பாதை. பேட்டரியில் இருந்து சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ரிலே வழியாக ஒரு சின்ன ஒயர் செல்ப் மோட்டாரின் தலையில் இருக்கும் சோலினாய்டுக்கு வருகிறது. இதில் கொஞ்சம் கரண்ட்தான் ஓடும். சோலினாய்டு என்பது ஒரு காந்தச் சுருள். கரண்ட் வந்ததும் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும். அந்த இழுப்பில் இரண்டு வேலை நடக்கும். செல்ப்பின் பல்சக்கரம் முன்னால் போய் பிளைவீல் பல்லில் மாட்டும். அதோடு உள்ளே இரண்டு தடித்த செப்புக் காண்டாக்ட்கள் சேரும்.

அந்தக் காண்டாக்ட் சேர்ந்ததும் திறப்பது பெரிய பாதை. பேட்டரியில் இருந்து கட்டைவிரல் மொத்த கேபிள் வழியாக கரண்ட் வெள்ளமாகப் பாயும். சின்ன பெட்ரோல் காருக்கே 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் வண்டி என்றால் இன்னும் அதிகம். ஹெட்லைட் பல்பு ஒன்று இழுப்பதோ 5 ஆம்பியருக்கும் குறைவு. "லைட் பளிச்சுன்னு எரியுது, அதனால பேட்டரி நல்லா இருக்கு" என்று சொல்வது தப்பு என்பதற்கு இதுதான் காரணம். ஒரு குடம் தண்ணி வருகிறது என்பதற்காகக் கிணறு நிறைந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா?

மோட்டாருக்குள் போன கரண்ட் திரும்பி வர வேண்டும். அது இன்ஜின் பிளாக் வழியாக, எர்த் பட்டை வழியாக பாடிக்கு வந்து, அங்கிருந்து பேட்டரியின் நெகட்டிவ்வுக்கு வரும். போகிற வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். வருகிற வழியை முக்கால்வாசிப் பேர் பார்ப்பதே இல்லை.

காதைத் தீட்டு, கண்ணை லைட்டில் வை

வண்டி மக்கர் பண்ணும் அந்த ஒரு நிமிஷம்தான் தங்கமான நேரம். பதற்றத்தில் சாவியை டர் டர்ரென்று திருகிக்கொண்டே இருந்தால் அது வீணாகிவிடும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஹெட்லைட்டைப் போடுங்கள். இப்போது சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டு இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். என்ன சத்தம் வருகிறது? லைட் என்ன ஆகிறது?

'டகடகடக' என்று மெஷின் கன் மாதிரி சத்தம், லைட்டும் மங்கி மங்கி எரிகிறது என்றால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. அல்லது பேட்டரி டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. சோலினாய்டு இழுக்கிறது, மோட்டார் கரண்ட்டைக் கேட்கிறது, பேட்டரி கொடுக்க முடியாமல் விழுகிறது, சோலினாய்டு விடுகிறது. அது திரும்பத் திரும்ப நடப்பதுதான் அந்த டகடக.

திருகியதுமே லைட், மீட்டர் போர்டு எல்லாம் மொத்தமாக அணைந்துவிட்டதா? டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அநேகமாக அங்கேதான் கோளாறு. டெர்மினல் சுத்தமாகவும் இறுக்கமாகவும் இருந்தால், பேட்டரிக்கு உள்ளேயே இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். அந்த மாதிரி பேட்டரி மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும், லோடு கொடுத்ததும் கையை விரித்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும்.

ஒரே ஒரு 'டக்', லைட் மங்கவே இல்லை என்றால் கதை வேறு. சோலினாய்டு இழுத்துவிட்டது. ஆனால் மோட்டாருக்கு கரண்ட் போகவில்லை. செப்புக் காண்டாக்ட் கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், இன்ஜின் எர்த் விட்டிருக்கலாம். இங்கே புது பேட்டரி போட்டால் அந்தக் காசு தண்டம்.

சத்தமே இல்லை, லைட்டும் ஜோராக எரிகிறது என்றால் பெரும்பாலும் சின்னப் பாதையில் கோளாறு. சாவி சுவிட்ச், ரிலே, பியூஸ், கிளட்ச் சுவிட்ச் என்று தேட வேண்டும்.

மோட்டார் மட்டும் 'விர்ர்ர்' என்று சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை என்றால் செல்ப்பின் பல்சக்கரமோ பிளைவீல் பல்லோ தேய்ந்துவிட்டது. இதை மெக்கானிக்கிடம்தான் விட வேண்டும்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் அது செல்ப் பிரச்சினையே இல்லை. பெட்ரோல், பம்ப், சென்சார் விவகாரம். மெக்கானிக்குக் போன் போடும்போது இந்த வித்தியாசத்தைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொன்னால் அவர் எதை எடுத்துக்கொண்டு வருவார்?

கண்ணுக்குத் தெரியாத திருடன்

வண்டியில் கரண்ட் வழியில் ஏற்படும் சின்ன அடைப்புதான் பெரிய வில்லன். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடி, கேபிள் நுனியில் ஏறிய பச்சைக் களிம்பு, பெயின்டின் மேல் வைத்து முடுக்கிய எர்த் போல்ட். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் கடல் காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

ஒரு கணக்கு பாருங்கள். அந்த அடைப்பின் தடை வெறும் 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். லைட், பாட்டு எல்லாம் சேர்த்து 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே விழுவது 0.2 வோல்ட். யாருக்கும் தெரியாது. செல்ப் 150 ஆம்பியர் கேட்கும்போது அதே இடத்தில் 3 வோல்ட் காணாமல் போகும். பேட்டரி கொடுப்பதே பத்து, பதினோரு வோல்ட். அதில் 3 வோல்ட்டை வழியிலேயே விழுங்கிவிட்டால் மோட்டார் எப்படிச் சுற்றும்?

இதைச் சாதாரண மல்டிமீட்டரிலேயே பிடித்துவிடலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மீட்டர் போதும். முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்கும் கீழே என்றால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்ற சோதனை. செல்ப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை காட்டும். அது வரவில்லை என்றால் நம் ஆட்கள் 'டைனமோ' என்று சொல்லும் ஆல்டர்நேட்டரைப் பார்க்க வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து செல்ப் அடிக்கட்டும். பத்து வினாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். இன்ஜின் பிடித்துவிடாமல் இருக்க எரிபொருள் பம்ப் பியூஸைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கொம்பில் வையுங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வைக்கக்கூடாது, கொம்பில்தான். இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். செல்ப் அடிக்கும்போது மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் திருடன் இருக்கிறான். அதே மாதிரி பாசிட்டிவ் கொம்புக்கும் செல்ப் மோட்டாரில் பெரிய கேபிள் வந்து மாட்டும் போல்ட்டுக்கும் இடையே பாருங்கள். அங்கேயும் அரை வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. எங்கே அதிகம் காட்டுகிறதோ, அந்த வழியில் உள்ள ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்துக்கொண்டே போனால் ஆள் மாட்டிக்கொள்வான்.

மீட்டர் இல்லையா? பக்கத்து வண்டியில் ஜம்ப் கேபிள் ஒன்று வாங்குங்கள். வேறு வண்டி பேட்டரி எதையும் இணைக்க வேண்டாம். உங்கள் பேட்டரியின் நெகட்டிவ்வில் ஒரு முனை, இன்ஜினின் இரும்புப் பகுதியில் இன்னொரு முனை. இப்போது செல்ப் எடுக்கிறதா? எடுத்தால் எர்த் பட்டைதான் குற்றவாளி.

இன்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாக கரண்ட் போகாது. அதனால்தான் அந்தப் பட்டை. கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸ் வேலை பார்க்கும்போது அதைக் கழற்றுவார்கள். திரும்ப மாட்ட மறந்துவிடுவதும் உண்டு, அரைகுறையாக முடுக்கிவிடுவதும் உண்டு. பட்டை விட்டுப்போனால் கரண்ட் சும்மா இருக்காது. கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் ஓடும். செல்ப் அடித்த பிறகு அந்தக் கேபிள் சுடுகிறது என்றால், வேறு சாட்சியே வேண்டாம்.

வண்டியில் ஒரு காவல்காரனை உட்கார வையுங்கள்

மெக்கானிக் முன்னால் ஒழுங்காக எடுத்து, நடுரோட்டில் காலை வாரும் வண்டிக்கு ஒரு பழைய எலக்ட்ரீஷியன் வித்தை இருக்கிறது. செலவு ஒரு 12 வோல்ட் சின்ன பல்பு, கொஞ்சம் ஒயர், ஒரு பியூஸ். அவ்வளவுதான்.

சோலினாய்டுக்கு வரும் சின்ன ஒயரில் இருந்து ஒரு இணைப்பு எடுத்து, ஆரம்பத்திலேயே பியூஸ் போட்டு, டிரைவர் சீட் பக்கம் கொண்டுவந்து அந்த பல்பில் மாட்டச் சொல்லுங்கள். பல்பின் இன்னொரு முனை பாடியில் எர்த். இனி செல்ப் அடிக்கும்போதெல்லாம் அந்த பல்பு எரியும். வழக்கம்போல வண்டியை ஓட்டுங்கள். என்றைக்கு மக்கர் பண்ணுகிறதோ, அன்றைக்கு சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டு பல்பைப் பாருங்கள்.

பளிச்சென்று எரிகிறது, ஆனால் செல்ப் எடுக்கவில்லை என்றால் சாவி, ரிலே எல்லாம் தன் வேலையைச் செய்துவிட்டன. கோளாறு செல்ப் மோட்டாரில், அல்லது அதன் பெரிய கேபிளில், எர்த்தில். பல்பே எரியவில்லை, ஆனால் ஹெட்லைட் நன்றாக எரிகிறது என்றால் செல்ப்பைத் தொடவே வேண்டாம். சாவி சுவிட்சில் இருந்து ரிலே வரைக்கும் தேடுங்கள். மங்கலாக எரிந்தால், ஹெட்லைட்டும் கூடவே மங்குகிறதா என்று பாருங்கள். அது நன்றாக எரிந்து இது மட்டும் மங்கினால், சின்னப் பாதையில் ஏதோ ஒரு காண்டாக்ட் கருகிக்கொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ பொறுமை வேண்டும், உண்மைதான். ஆனால் மூன்று பார்ட்ஸ் மாற்றி ஏமாறுவதை விட இந்தக் காத்திருப்பு மலிவு.

டீ குடித்துவிட்டு வந்தால் மட்டும் மக்கர்!

இது தனி ரகம். காலையில் குளிர்ந்த இன்ஜினில் எடுக்கும். நாள் முழுக்க ஓடி, வெயிலில் கொதித்து, பதினைந்து நிமிஷம் நிறுத்திவிட்டு வந்தால் எடுக்காது. அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கும்.

காற்றுகூட ஓடாத நிலையில் இன்ஜினை அணைத்ததும், சூடு எல்லாம் பக்கத்தில் இருக்கும் செல்ப் மோட்டாருக்கு இறங்கும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்திலேயே செல்ப் உள்ள வண்டிகளில் கேட்கவே வேண்டாம். செப்புக் கம்பி சூடானால் அதன் தடை ஏறும். 30 டிகிரியில் இருந்து 100 டிகிரிக்குப் போனால் கால் பங்குக்கும் மேல் ஏறிவிடும். தடை ஏறினால் கரண்ட் குறையும், காந்தத்தின் இழுப்பு குறையும். புது சோலினாய்டு இதைத் தாங்கும். வயதான சோலினாய்டோ, வழியில் வோல்டேஜ் இழந்து வரும் சின்ன ஒயரோ தாங்காது. சோதனை சுலபம். மக்கர் பண்ணும்போது சோலினாய்டில் வரும் சின்ன ஒயரின் வோல்டேஜைப் பாருங்கள். பத்துக்கு மேல் வந்தும் இழுக்கவில்லை என்றால் சோலினாய்டு அவுட். ஏழு, எட்டுதான் வருகிறது, பேட்டரியில் 12 நிற்கிறது என்றால் வழியில்தான் கோளாறு.

நிறைய மெக்கானிக்குகள் வண்டியை இரவில் வாங்கி வைத்து, காலையில் குளிர்ந்த பிறகு அடித்துப் பார்த்து "ஒண்ணும் இல்லையே" என்று சொல்வது இந்த விஷயத்தில்தான். சூட்டில் வரும் வியாதியை சூட்டில்தான் பார்க்க வேண்டும்.

தட்டினால் எடுக்குதா?

செல்ப் மோட்டாரை ஸ்பேனரால் தட்டினால் எடுக்கும் என்று டிரைவர்கள் சொல்வது உண்மைதான். பிரஷ் தேய்ந்து ஆர்மேச்சரைத் தொடாமல் நிற்கும். தட்டும்போது கொஞ்சம் நகர்ந்து தொட்டுவிடும். கருகிய காண்டாக்ட்டும் அப்படியே. ஒரு தடவை தட்டி எடுத்துவிட்டால், செல்ப் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே வேலைக்கு விடுங்கள். பிரஷ், காண்டாக்ட் மட்டும் மாற்றினால் போதும் என்கிற நிலையில் முழு மோட்டாரும் மாற்றத் தேவையில்லை. ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். இப்போதைய செல்ப்களில் பலவற்றின் உள்ளே நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கிறது. ஓங்கி அடித்தால் உடைந்துபோகும். கியரில் இருக்கும் வண்டியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து செல்ப் போல்ட்டை ஷார்ட் பண்ணுகிற வேலையும் வேண்டவே வேண்டாம். வண்டி முன்னால் பாய்ந்தால் ஆள் நசுங்கிவிடுவார்.

காலுக்கடியில் இருக்கும் மேட்

சிரிக்காதீர்கள். கிளட்ச்சை முழுதாக மிதித்தால்தான் செல்ப் எடுக்கும் வண்டிகள் இப்போது அதிகம். தனியாக வாங்கிப் போட்ட தடித்த ரப்பர் மேட் நகர்ந்து பெடலுக்கு அடியில் போனால், கிளட்ச் கடைசி வரை இறங்காது. சுவிட்ச் ஆன் ஆகாது. மேட்டை இழுத்துவிட்டு மிதித்தால் எடுக்கும்.

ஆட்டோமேட்டிக் வண்டியா? பார்க்கிங்கில் எடுக்காவிட்டால் பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரலில் போட்டு அடியுங்கள். அங்கே எடுத்தால் கியர் சுவிட்ச் பிரச்சினை. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட் சாவியின் காசு பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல வண்டிகளில் சாவியை பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்தினால் எடுத்துவிடும். வீட்டுச் சாவி, பீரோ சாவி, சாமி டாலர் என்று கால் கிலோ கொத்தைக் கார் சாவியில் தொங்கவிடுபவர்கள், சாவி சுவிட்ச் தேய்ந்துபோனால் ஆச்சரியப்படக் கூடாது. சாவியை லேசாக ஆட்டினால் மீட்டர் போர்டு அணைந்து எரிகிறதா என்று பாருங்கள். பானெட்டுக்குள் எலி புகுந்து ஒயரைக் கடிப்பதும் சகஜம்.

மழைத் தண்ணியில் மூழ்கிய வண்டி தனி விஷயம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணியில் நின்றன. செல்ப் மோட்டார் பல வண்டிகளில் தாழ்வாக இருப்பதால் முதலில் குளிப்பது அதுதான். அந்த வண்டி அன்றைக்கு ஓடிவிடும். உள்ளே துரு ஏறி மாசக்கணக்கில் கழித்து மக்கரை ஆரம்பிக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் செல்ப் மோட்டாரின் வெளிக்கூட்டில் சேறு படிந்த கோடு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வண்டி இன்னும் தண்ணிக்குள் நிற்கும்போது செல்ப் அடிக்கவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணி போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் எடுக்காத வண்டிகளும் உண்டு. லீவில் நிற்கும்போது ஏதோ ஒன்று பேட்டரியை உறிஞ்சுகிறது. ஜி.பி.எஸ். கருவி, வெளியில் மாட்டிய பாட்டு செட், டேஷ் கேமரா. அரை ஆம்பியர் உறிஞ்சினாலே ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் அவர் போய்விடும். 35 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்று நாளில் காலி.

பேட்டரியில் கை வைக்கும்போது

சார்ஜ் ஆகும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பீடி, சிகரெட்டோடு குனியாதீர்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வையுங்கள். டெர்மினலில் பூத்த பொடியை சமையல் சோடா கரைத்த தண்ணியால் கழுவி, துடைத்து, இறுக்கி முடுக்கிவிட்டு மேலே வாசலின் தடவினால் போதும்.

இன்ஜின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றி "டைனமோ வேலை செய்யுதா பாரு" என்று காட்டுகிற பழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது. அம்பாசிடர் காலத்து வித்தை அது. இப்போதைய வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டர் போர்டு போய்விடும். அதன் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். கையில் ஸ்பேனரோடு அந்தப் பக்கம் யாராவது போனால் தடுத்து நிறுத்துங்கள்.

பார்ட்ஸ் மாற்றியே ஆகணும்னா...

செல்ப்தான் போச்சு என்று சோதித்து உறுதி செய்த பிறகு, புதுசு வாங்க முடியாதவர்கள் புதுப்பேட்டையில் பழசு தேடுவார்கள். அல்லது ரீகண்டிஷன் பண்ணியதை வாங்குவார்கள். தப்பில்லை. பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோய் பல் எண்ணிக்கை, போல்ட் துளை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் பேட்டரி வைத்து 'விர்ர்' என்று ஓட்டிக் காட்டுவார். அது லோடு இல்லாமல் சுற்றுவது, பாதி செத்த மோட்டார்கூட அப்படிச் சுற்றும். மாட்டுகிற இடத்தில் துருவை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு தெரிகிற மாதிரி சுத்தம் பண்ணச் சொல்லுங்கள், அதுதான் செல்ப்புக்கு எர்த். மாட்டிய பிறகு ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டி நன்றாகச் சூடாக்கி, அணைத்து, கால் மணி நேரம் நிறுத்தி வைத்து, மறுபடி நாலைந்து தடவை செல்ப் அடித்துப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.